வாசலை மறித்த வசனம்

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த டைரக்டர் தம்பி மறுபடியும் உதட்டைப் பிதுக்கினான். டப்பிங் பேசுகிறவளுக்கு எரிச்சல் மண்டைக்கு ஏறியது. ராணிகளுக்கும் பேய்களுக்கும் குரல் கொடுத்தவள், போயும் போயும் ஒரு வரியில் மாட்டிக்கொண்டாள்.

திரையில் வெள்ளைக்கார அம்மா ஒருத்தி வாசலை மறித்து நின்று, மகளிடம் "ஓவர் மை டெட் பாடி" என்கிறாள். தமிழில் அதற்கு வார்த்தை தேடி அலையவே வேண்டாம். "என் பொணத்தைத் தாண்டித்தான் போகணும்." கடல் கடந்தாலும் அதே பிணம்! எந்த ஊர் அம்மாவானாலும் வாசலை மறித்தால் அதைத்தான் துணைக்கு இழுப்பாள் போலிருக்கிறது.

"கோபமாப் பேசறீங்கக்கா. அந்தம்மா மூஞ்சியப் பாருங்க. கோபமே இல்ல."

"கோபமில்லாம எவ இதைச் சொல்லுவா?"

"அதான் எனக்கும் புரியல."

உற்றுப் பார்த்தாள். அவன் சொன்னது நிஜம். அப்படியானால் அந்த முகத்தில் இருப்பது என்ன?

அவளுக்குத் தெரிந்து இதை வாழ்க்கையில் சொன்னவள் ஒருத்திதான், அவளுடைய அம்மா. பிடித்தவனைக் கட்டிக்கொள்ள இவள் பெட்டியோடு கிளம்பிய அன்று சொன்னது. இவள் அம்மாவின் முகத்தை ஏறிட்டுக்கூடப் பார்க்காமல் பின்கதவு வழியாக நழுவிவிட்டாள். அதற்குப் பிறகு இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

இடைவேளையில் படிக்கட்டுக்கு வந்து அந்த நம்பரை அழுத்தினாள். பாசத்துக்காகக் கூப்பிடாமல் வேலைக்காகக் கூப்பிடுகிறோமே என்று வெட்கமாக இருந்தது. ஆனாலும் தெரிந்துகொள்ளாமல் இருக்க முடியவில்லை.

"யாரு?"

"நான்தாம்மா."

அந்தப் பக்கம் குழாயில் தண்ணீர் விழும் சத்தம் நின்றது.

"ஒரு சந்தேகம்மா. அன்னைக்கு 'என் பொணத்தைத் தாண்டித்தான் போகணும்'னு சொன்னியே, அப்ப உனக்கு எவ்ளோ கோபம்?"

"நல்லாக் கேட்ட போ! இதைக் கேக்கவா இத்தனை வருஷம் கழிச்சு போன் பண்ற?" அம்மா கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "கோபம் எங்க வந்துச்சு? கையும் ஓடல, காலும் ஓடலடி. உன்னை நிறுத்த என்கிட்ட வேற என்ன இருந்துச்சு? அதைச் சொன்னா நீ நின்னுடுவேன்னு நெனச்சேன். பின்கதவை மறந்துட்டேன்."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"அந்தக் கதவு இன்னும் இருக்காம்மா?"

"இருக்கு. பகல்ல தாழ்ப்பாளே போடறதில்ல. முன்வாசல்ல வர உனக்குக் கூச்சமா இருக்குமேன்னு."

திரும்பி வந்து மைக் முன்னால் நின்றாள். வசனம் கெஞ்சலாக வந்தது, கடைசியில் குரல் உடைந்தது. டைரக்டர் தம்பி கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான்.

"அசத்திட்டீங்கக்கா! அடுத்த சீனையும் முடிச்சுடலாமா?"

அவள் அதற்குள் கைப்பையை எடுத்துவிட்டிருந்தாள்.

"நாளைக்குப் பாக்கலாம் தம்பி. எங்கம்மா கதவைத் தொறந்து வெச்சிருக்காங்க."