பேட்டிப் பக்கம்

...அப்படியென்றால் அவனுக்குத் தெரிந்திருக்கிறது, தெரியாதவன் அந்த ஒரு பக்கத்தை மட்டும் ஏன் கேட்க வேண்டும், பேருந்து திருக்கழுக்குன்றத்தைத் தாண்டிவிட்டது, மாமல்லபுரம் போய் இறங்கியதும் என்ன சொல்லப்போகிறேன்... பதினான்கு வயது எனக்கு அப்போது, செங்கல்பட்டு பேருந்து நிலையத்துக்கு எதிரே இருந்த பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, ஞாயிற்றுக்கிழமை டிவி தொடரில் வாரம் தவறாமல் அழுத பையனுக்காக, ஹேமந்துக்காக, ஒரு இணையதளம் செய்தேன், படங்கள், கதைச் சுருக்கம், கடைசியில் 'ஹேமந்துடன் ஒரு பேட்டி'. அவனை நான் நேரில் பார்த்ததுகூட இல்லை. பத்துக் கேள்விகளையும் நானே கேட்டேன், பத்துப் பதில்களையும் நானே எழுதினேன். பிறகு அந்தப் பழைய எழுத்துரு எந்தக் கணினியிலும் இல்லாமல் போய், என் தமிழெல்லாம் கேள்விக்குறியும் கட்டமுமாக மாறிவிட்டது, இத்தனை வருஷம் என் பொய்யை யாராலும் படிக்க முடியவில்லை, அதுவே போதும் என்றிருந்தேன். போன மாதம் தளத்துக்கு இலவசமாக இடம் கொடுத்த நிறுவனம் மூடப்போவதாக மின்னஞ்சல் வந்தது, விட்டுவிட மனமில்லை, தளத்தைப் புதிதாக வடிவமைத்து ஒவ்வொரு வரியையும் நினைவிலிருந்து திரும்பத் தட்டச்சு செய்தேன், பேட்டியைத் தவிர. அம்மா தினமும் கேட்கிறாள், முடித்துவிட்டாயா, லிங்க் அனுப்பு, எனக்குத்தான் இப்போது போனில் படிக்க வருகிறதே என்று. அம்மாவுக்கு அனுப்புவதற்குள் ஹேமந்தே பார்த்துவிட்டான். பேட்டிப் பக்கம் எங்கே, மாமல்லபுரத்தில் லாட்ஜ் ஒன்றில் இருக்கிறேன், வாருங்கள், பேசலாம்... தளத்தில் இருந்த என் மின்னஞ்சலுக்கு இவ்வளவுதான் எழுதியிருந்தான். கோபமா அது? அவன் வாயில் நான் சொற்களைத் திணித்ததை எல்லோரிடமும் சொல்லிவிடுவானோ, தளத்தையே எடுக்கச் சொல்வானோ, எடுத்துவிட்டால் எனக்கென்று வேறு என்ன இருக்கிறது?

லாட்ஜின் முன்மேசையில், தங்க வந்தவர்களின் ஆதார் நகல்களுக்கு ஸ்டேப்ளர் பின் அடித்துக்கொண்டிருந்தான், முன்தலை வழுக்கை, புருவத்தைச் சுருக்கியபோதுதான் அந்தப் பையன் தெரிந்தான். உட்காரும் முன்பே சொல்லிவிட்டேன், அந்தப் பேட்டி நானாக எழுதியது என்று. அவன் நிமிரக்கூட இல்லை.

"தெரியும்க்கா. நான் இன்னா பேசினேன்னு எனக்குத் தெரியாதா? என்னாண்ட எவன் பேட்டி எடுத்தான், அழுடான்னாங்க, அழுதேன்."

பக்கத்துக் கல்பட்டறையில் உளிச் சத்தம் அதுவரையிலும் கேட்டுக்கொண்டுதான் இருந்ததா... தண்ணீர் கேட்டேன், பாட்டில் முழுவதையும் குடித்தேன். அவன் இழுப்பறையிலிருந்து லேமினேட் செய்த தாள் ஒன்றை எடுத்தான், அந்தக் காலத்திலேயே அவனுடைய அம்மா அச்செடுத்து வைத்ததாம். என் வாக்கியங்கள், கட்டங்கள் இல்லாமல், முழுசாக. ஏழாவது கேள்வியின் மேல் விரலை வைத்தான். அழும் காட்சியில் எதை நினைத்துக்கொள்வீர்கள்? அதற்கு நான் எழுதிய பதில்: பள்ளி விட்டு எல்லோரும் போன பிறகு, வாட்ச்மேன் கேட்டைச் சாத்தும்போதும் அம்மா வராமல் நான் மட்டும் நிற்பதை நினைப்பேன். அம்மா ஓடிவந்ததும், இப்போதுதான் விட்டார்கள் என்று பொய் சொல்வதை நினைப்பேன்.

"இத்தப் படிச்சதுக்கு அப்பறம் கிளிசரினே போடலக்கா. எங்கம்மா எந்நேரமும் கூடவே இருக்கும், ஆனா இத்த நெனச்சா அழுவ வந்துடும். ரெண்டு வருசம் உங்க அழுகைய ஓசில அழுதுகினு இருந்தேன்." சிரித்தான். "பக்கத்தப் போடுங்க. எம் பேர் மட்டும் வாணாம், எழுதனது நீங்கன்னு போடுங்க."

திரும்பும் பேருந்தில் ஜன்னலோரம் கிடைத்தது, காற்று, எத்தனை லேசாக இருக்கிறது, இதற்கா இத்தனை வருஷம் பயந்தேன், சிரிப்புக்கூட வந்தது. அவன் தாளைப் படம் எடுத்து வந்திருந்தேன், பார்த்துப் பார்த்து போனிலேயே தட்டச்சு செய்தேன், தலைப்பில் அவன் பெயரை எடுத்துவிட்டு, கேள்வியும் பதிலும் ஜாக்குலின் என்று என் பெயரைப் போட்டேன். முடிந்தது, அவ்வளவுதான். அம்மாவிடமிருந்து செய்தி, லிங்க் எங்கே என்று. அனுப்பப் போன விரல் நின்றது... அவன் பெயரை எடுத்தாயிற்று, இனி அந்தப் பள்ளி கேட்டருகே நிற்பது யார் என்று அம்மாவுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. அம்மாவுக்கு அப்போது ஆஸ்பத்திரியில் ஆயா வேலை, மாற்று ஆள் வந்தால்தான் விடுவார்கள், மூச்சிரைக்க ஓடிவருவாள், ரொம்ப நேரமாச்சாடி என்பாள், இப்போதுதான் விட்டார்கள் என்பேன், என் பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டு ஒன்றும் பேசாமல் நடப்பாள், வீடு வரைக்கும் ஒன்றும் பேசாமல்... பள்ளித் தெருவே காலியாக இருக்குமே, அதைப் பார்த்துமா அவள் நம்பினாள்?