மிதக்க விடாத பைகள்

மீன்குஞ்சுகள் கீழ்நாட்டுச் சூட்டில் பிறந்தவை. மலைமேல் லிந்துலைத் தேயிலைத் தோட்டத்து டேம் தண்ணீரோ விடியற்காலையில் கை வைத்தால் எலும்பு வரை குத்தும். அதனால்தான் வேன்காரர் நஸார் பைகளை இறக்கும்போதே சொல்லிவிட்டுப் போனார்: "கட்ட அவுக்காம அரை மணித்தியாலம் தண்ணியில மெதக்க விடுங்க ஜீவராஜ். ரெண்டு தண்ணியும் ஒரே பதத்துக்கு வரணும்."

ஜீவராஜ் தலையாட்டினான். தோட்டத்து மீன் சங்கத்தில் குஞ்சு விடும் பொறுப்பு அவனுடையது. ஆனால் மேலே பெரட்டுக்கு, காலையில் பேர் பதிந்து வேலை பிரிக்கும் இடத்துக்கு, ஆட்கள் சேர்ந்துகொண்டிருந்தார்கள். பிந்திப் போனால் கணக்கப்பிள்ளை அன்றைய பேர் போடமாட்டார், லயத்து வீட்டுக்கே திருப்பி அனுப்பிவிடுவார். கவ்வாத்துக் கத்தியால் பைகளைக் கிழித்து, குஞ்சுகளை அப்படியே கொட்டிவிட்டு ஓடினான். பேர் விழுந்தது.

மத்தியானம் வந்து பார்த்தபோது கரையோரமெல்லாம் வெள்ளை வயிறுகள்.

சாயங்காலம் சங்கத் தலைவி சண்முகவடிவு இரண்டு பேரையும் கூப்பிட்டு விசாரித்தாள். "மெதக்க விட்டியா ஜீவராஜ்?"

"விட்டேன்க்கா."

நஸார் அவனைத் திரும்பிப் பார்த்தார்.

"அப்ப பையில காத்துதான் பத்தல. ஹட்டன் பஸ்ஸுல ஆளேத்துற மாதிரி அமுக்கி ஏத்திட்டு வந்திருக்கீங்க, நஸார் நானா," என்றாள் சண்முகவடிவு.

இனி வேறு வேன் என்று முடிவானது.

அடுத்த தடவை குஞ்சு வந்த அன்று ஜீவராஜ் பெரட்டுக்குப் போகவில்லை. பைகளை மிதக்க விட்டுக் கரையில் குந்தியிருந்தான். பிறகு கட்டை அவிழ்த்து, டேம் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே விட்டான். குஞ்சுகள் தாமாகவே நீந்தி வெளியே போயின. செய்த தப்புக்கு இது சரியாகிவிடும் என்று நினைத்தான்.

ஆகவில்லை. மூன்று மாதத்தில் அவை விரல் நீளத்தைத் தாண்டின. வலையில் அள்ளிப் பார்த்த சண்முகவடிவு எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்: "பாத்தீங்களா, வேன மாத்துனதும் எல்லாம் பொழச்சுக்கிச்சு. அந்த மனுசன் ஏத்துற ஏத்துக்கு நாமளே செத்திருப்போம்."

சிரித்தார்கள். பக்கத்துத் தோட்டங்களிலும் நஸாரைக் கூப்பிடுவதில்லை என்றாள் ஒருத்தி.

வலையில் துள்ளிய ஒவ்வொரு மீனும் நஸாருக்கு எதிரான சாட்சி. வளர்த்தவன் ஜீவராஜ்.

எல்லோரும் படியேறத் தொடங்கிய பிறகுதான் அவனுக்கு வாய் வந்தது. "அக்கா, வேன்ல ஒரு பிழையும் இல்ல. பெரட்டுக்கு நேரமாச்சுன்னு நான்தான் மெதக்க விடாம கொட்டுனேன்."

சண்முகவடிவு வலையைப் பிழிந்துகொண்டே கேட்டாள். "நஸார் நானாகிட்ட சொன்னியா?"

"இல்லக்கா."

"ஆளுங்க போற வரைக்கும் காத்துக்கிட்டிருந்து எங்கிட்ட மட்டும் சொல்ற."

அவன் படியேறிக்கொண்டிருந்தவர்களைப் பார்த்தான்.

"ஏய், எல்லாரும் எறங்கி வாங்க," என்று மேலே பார்த்துக் குரல் கொடுத்தாள். பாதிப் படியில் நின்றவர்கள் திரும்பினார்கள். அவள் நஸாரின் எண்ணை அழுத்தி, போனை அவன் கையில் வைத்தாள்.

போனில் மணி அடித்துக்கொண்டிருந்தது. ஆட்கள் இறங்கி வந்துகொண்டிருந்தார்கள்.