வெடித்த நட்சத்திரமும் பர்ஸானின் சாரனும்

1

“அவரு மவுத்தாப் போனாரெண்டு ஆருடி உனக்குச் சொன்ன?”

“மவுத்து எண்டு நான் சொல்லலியே ராத்தா. இல்ல எண்டுதான் சொல்றன்!”

சாய்ந்தமருதில் எங்கள் மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து, கேட்காமலே எனக்குக் கிடைத்த கதை இது. (சரி, குசினி யன்னலைத் திறந்து வைத்தது நான்தான்.) சாவுப் பேச்சை எடுத்து முதலில் கத்தியவள் அக்கா ஷாஹினா. புருஷன் பர்ஸான் கத்தாருக்குப் போனவன். நாலு வருஷமாகப் போன் கோலும் இல்லை, காகிதமும் இல்லை. கலியாண வழக்குத் தீர்க்கிற காதியாரிடம் போய் அவனிடமிருந்து விடுதலை எடு என்று நிற்கிறவள் தங்கை நுஸ்ஹா. வெளிநாட்டில் நட்சத்திர ஆராய்ச்சி செய்கிறாள், லீவில் வந்திருக்கிறாள்.

2

‘கடல் அன்று கறுத்துக் கொந்தளித்து…’ வேண்டாம். கடல் அன்று சும்மாதான் கிடந்தது.

நுஸ்ஹாவின் தொழிலைச் சொல்லாமல் கதை நகராது. எனக்கு விளங்கிய மட்டில்: வெடித்த நட்சத்திரத்தின் வெளிச்சத்தில் ஹைட்ரஜன் தெரிந்தால், அது தன் மேற்போர்வையை உதறாமலே செத்திருக்கிறது. பெரும்பாலும் ஊதிப் பெருத்த சிவப்பு நட்சத்திரம். உடனே அந்த இடத்தின் பழைய படத்தைத் தேடி எடுப்பார்கள். அங்கே ஒரு சிவப்புப் புள்ளி. அதுதான் வெடித்ததா? வெளிச்சம் அடங்கும்வரை வருஷக்கணக்கில் காத்திருந்து இன்னொரு படம். புள்ளி இல்லையென்றால், அதுதான்.*

* போர்வை என்றதும் ஷாஹினாவின் கொடி ஞாபகம் வருகிறது. வெள்ளிக்கிழமை தவறாமல் பர்ஸான் இடுப்பில் கட்டுகிற நீலச் சாரனைத் துவைத்துக் காயப்போடுவாள். வீட்டில் ஆம்பிளை இருக்கிறதாம். தெருவில் ஒருவரும் நம்பவில்லை.

3

“பழைய படத்துல இரிந்து புதுசுல இல்லாட்டி, போயிட்டு எண்டுதான். அவ்வளவுதான் ராத்தா.”

“தூசிக்குப் பின்னால மறஞ்சி நிண்டா?”

[ஷாஹினாவை நான் கெட்டிக்காரி ஆக்கிவிட்டேனோ? இல்லை, இப்படியேதான் கேட்டாள்.] நுஸ்ஹா தேடும் நட்சத்திரத்துக்கும் அதே சந்தேகம்தான். இரண்டாவது படம் இன்னும் வரவில்லை.

“உன்ட படம் வரட்டும்டி. அதுல இல்லாட்டி நானும் காதியார்ட்ட போறன்.”

4

பெருநாள் கழிந்து ஒரு மத்தியானம் படம் வந்தது. தூசியையும் ஊடுருவிப் பார்க்கிற தொலைநோக்கியாம். புள்ளி இல்லை.

நுஸ்ஹா துள்ளுவாள் என்று மதிலோரம் நின்றேன். அவள் லெப்டொப்பை மெதுவாக மூடினாள்.

“இல்லாமப் போனது உனக்குச் சந்தோசமாடி?” என்றாள் ஷாஹினா.

“இல்ல ராத்தா.”

“பொய் சொல்லாத. உன்ட வேலதானே.”

ஒரு முடிவு: அந்நேரம் பார்த்துக் கேற்றடியில் பர்ஸான் பெட்டியோடு… (அடித்துவிட்டேன். அவன் வரவில்லை.)

5

ஷாஹினா சொன்ன சொல்லுக்குக் காதியாரிடம் போனாள். விடுதலை கிடைத்தது. இத்தா என்ற காத்திருப்புக் காலம் முடிந்து பாலமுனை ஊர்ச் சாஜிதைக் கலியாணம் முடித்தாள். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்கு வருவது. இவள் சீதன வீட்டைப் பூட்டிவிட்டு அவனோடு போய்விட்டாள். நுஸ்ஹா இப்போது சிலியில். திரும்பி வருகிற பேச்சில்லை.

நான் இன்னும் மதிலால் எட்டிப் பார்க்கிறேன். கொடி கிடக்கிறது. சாரன் இல்லை. காற்று கொண்டு போனதா, எரித்தாளா, இல்லை…

பாலமுனைப் பக்கம் போகிறவர்கள் ஒரு வெள்ளிக்கிழமையாகப் போங்கள். சாஜிதின் வீட்டு வளவுக் கொடியைப் பாருங்கள். நீலச் சாரன் கிடந்தால், எனக்குச் சொல்ல வேண்டாம்.