கறி லைட்டுக்குப் பக்கத்தில் ஒரு லேப்டாப்

சுப்ஹான் பாய் கடைக்கு ஒரு சாமான் வாங்குவதென்றால் அது வீட்டு விஷயம் இல்லை, ஊர் விஷயம். கோத்தா திங்கியில் ஆற்றுக்குப் பக்கத்துச் சாலையில் இருக்கிறது அந்தச் சாப்பாட்டுக் கடை. ஃபேன் மாற்றினாலும் சரி, ரொட்டிக் கல் மாற்றினாலும் சரி, தே தாரேக் டீ குடிக்க வந்தவர்கள் ஆளுக்கொரு யோசனை சொல்லாமல் எழுந்து போக மாட்டார்கள். இப்போது வாங்கப்போவதோ மகள் ஷைமாவுக்குக் கம்ப்யூட்டர். கேட்கவா வேண்டும்!

ஷைமா ஜொகூர் பாருவில் ஒரு கல்லூரியில் போட்டோகிராபி படிக்கிறாள். போன பருவத்தில் அவள் கொடுத்த முகப்படங்களை ஆசிரியை அப்படியே திருப்பித் தந்துவிட்டார். தோழியிடம் இரவல் வாங்கிய லேப்டாப்பில் எடிட் செய்த படங்கள் அவை. திரையில் பார்த்தபோது கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போலிருந்தன. அச்சாகி வந்தபோது ஒவ்வொருவரும் கன்னத்தில் அறை வாங்கியவர்கள் மாதிரி சிவந்திருந்தார்கள். இந்தப் பருவமும் அதே பாடம்தான். இன்னொரு தடவை கோட்டை விட்டால் கடைசி வருடத்துக்குப் போக முடியாது. அத்தா சுப்ஹானோ கறாராகச் சொல்லிவிட்டார்: "ஒரு தடவதான் வாங்கித் தருவேன். நல்லா பாத்து எடு. அப்புறம் அது சரியில்ல, இது சரியில்லன்னு வந்து நிக்கக் கூடாது."

அதனால் அந்தச் சனிக்கிழமை மத்தியானம் ஷைமாவுக்குச் சோறு இறங்கவில்லை. சாலையில் கார் சத்தம் கேட்கும்போதெல்லாம் எட்டி எட்டிப் பார்த்தாள். "ரூபேந்திரன் வரும்போது வருவாரு. நீ வாசல்ல நின்னா கார் பறந்தா வரும்?" என்று கல்லாவிலிருந்து அம்மா காதர் பீவி கேட்டாள்.

ரூபேந்திரன் கடையின் பழைய வாடிக்கையாளர். சிங்கப்பூரில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் வேலை. அங்கே கம்பெனிகள் கழித்துக் கட்டும் லேப்டாப்புகளை வாங்கிச் சுத்தம் செய்து, ஊரில் படிக்கிற பிள்ளைகளுக்கு மலிவாகக் கொடுப்பார். அவர் வந்து இறங்கவும் மழை கொட்டத் தொடங்கவும் சரியாக இருந்தது. பையை மார்போடு அணைத்துக்கொண்டு, தான் நனைந்தாலும் அது நனையாமல் உள்ளே ஓடிவந்தார்.

"ரெண்டு கொண்டாந்திருக்கேன் பாய். ரெண்டும் ஒரே விலைதான். தங்கச்சி எது பிடிக்குதோ எடுத்துக்கட்டும்."

"லேப்டாப்பு எதுக்குலா? பெரிய கம்ப்யூட்டரா வாங்கிப் போடுங்க பாய். அதான் நிலைச்சு நிக்கும்" என்றார் அய்யாவு. லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். கடை திறந்ததிலிருந்து மூடும்வரை மூலை மேசை அவருக்குத்தான்.

"வெள்ளம் வந்தா அத யாரு மாடிக்குத் தூக்குறது, நீங்களா?" என்றார் சுப்ஹான். அய்யாவு காலியான தன் கிளாஸை எடுத்துக்கொண்டு கிட்டே வந்துவிட்டார்.

லேப்டாப்பை வைக்க இடம் பார்த்தார்கள். பழைய பேட்டரி, கரண்ட் இல்லாமல் ஓடாது. மேசைகளுக்குப் பக்கத்தில் பிளக் கிடையாது. இருக்கிற ஒரே பிளக் கறிகள் வைக்கும் கண்ணாடி அலமாரிக்குப் பக்கத்தில். ஆகவே மீன் தலைக் கறிக்கும் கோழி வறுவலுக்கும் பக்கத்தில் பலகையைத் துடைத்து இரண்டையும் அருகருகே வைத்தார் ரூபேந்திரன்.

ஒன்று கன்னங்கரேல் என்று, மெல்லிசாக. திறந்ததும் ஒவ்வொரு எழுத்துக்கும் அடியில் சிவப்பும் நீலமுமாக விளக்கு ஓடியது. "அலமாக்!" என்றார் அய்யாவு. தட்டுக் கழுவிக்கொண்டிருந்தவர்கூட ஈரக் கையோடு வந்து பார்த்தார். மற்றது சாம்பல் நிறம், தடிமன், மூலையில் ஏதோ ஆபீஸ் ஸ்டிக்கரைப் பிய்த்த தடம். அதை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஷைமாவுக்கும் மனசு கறுப்பின் மேல்தான் போனது. அவளுக்கும் இருபது வயதுதானே! அதைக் கல்லூரியில் விரித்து வைத்தால் எத்தனை தலை திரும்பும் என்று ஒரு கணம் நினைத்தே பார்த்துவிட்டாள். ஆனால் போன பருவத்துச் சூடு மறக்கவில்லை. பையிலிருந்து ஒரு படத்தை எடுத்தாள். மாமி மகள் நஜ்வாவின் கல்யாணத்தில் எடுத்தது. மருதாணி வைத்த இரண்டு கைகள். ஆசிரியையே கல்லூரியில் நிறம் பார்த்து அச்சடித்துக் கொடுத்த படம். அதே படம் பென்டிரைவிலும் இருந்தது. எந்தத் திரையில் தெரிவது கையிலிருக்கும் அச்சோடு ஒத்துப்போகிறதோ, அதுதான் உண்மை பேசும் திரை.

இரண்டிலும் படத்தைத் திறந்து நடுவில் அச்சைப் பிடித்தாள். கறுப்பு லேப்டாப்பில் மருதாணி தகதகவென்று சிவந்திருந்தது. அச்சும் அதே மாதிரி. சாம்பல் லேப்டாப்பிலோ காய்ச்சல்காரன் கை மாதிரி வெளுப்பாகத் தெரிந்தது.

"இதான்! இதான் அத்தா!" என்று குதித்தாள் ஷைமா. ஆசைப்பட்டதே சரியானதாகவும் அமைந்துவிட்டால் அந்தச் சந்தோஷத்துக்கு எல்லை ஏது! சுப்ஹானும் குளிர்ந்துபோய், "அப்ப முடிச்சிரலாமா தம்பி?" என்று சட்டைப் பைக்குள் கையை விட்டார்.

ரூபேந்திரன் நெற்றியைச் சுருக்கினார். "இல்லையே பாய். இந்தக் கறுப்பு கேம் விளையாடற பசங்களுக்குன்னு கலர் தூக்கலா செஞ்சது. சாம்பல்தான் சரியா காட்டணும். என்னமோ மாறித் தெரியுது."

"கண்ணு முன்னாடி தெரியுதுல்ல தம்பி?" என்றார் சுப்ஹான்.

ஷைமா இன்னொரு தடவை அச்சைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். அப்போதுதான் அது கண்ணில் பட்டது. படத்தைச் சுற்றியுள்ள வெள்ளைக் கரை வெள்ளையாக இல்லை. ஆரஞ்சாக இருந்தது. தலையை நிமிர்த்தினாள். அலமாரிக்கு மேலே, தேங்காய்ச் சிரட்டை அளவுக்கு ஒரு மூடிக்குள், சிவப்பு கலந்த மஞ்சள் பல்பு கறிகள் மேலும் அச்சின் மேலும் அவள் கை மேலும் ஒளியைக் கொட்டிக்கொண்டிருந்தது. மீன் கறி எப்போதும் அப்போதுதான் இறக்கிய மாதிரி சிவந்து தெரிவதன் ரகசியம் அது. பிறந்ததிலிருந்து அந்த விளக்கடியிலேயே வளர்ந்தவளுக்கு அது கண்ணில் படாமலே போயிருந்தது.

"அத்தா, அந்த லைட்ட அடைங்க!"

கடை நேரத்தில் அந்த விளக்கை யாரும் அணைத்ததில்லை.

"என்ன பேச்சு பேசற? வியாபார நேரம்!"

"ஒரே நிமிஷம் அத்தா. இல்லாட்டி நான் தப்பா எடுத்துருவேன். மறுபடியும் ஃபெயிலாயிருவேன்."

சுப்ஹான் வாசலில் யாரும் வருகிறார்களா என்று பார்த்துக்கொண்டார். பிறகு பிஸ்மி சொல்லிவிட்டு சுவிட்சைத் தட்டினார்.

கறிகள் சப்பென்று ஆகிவிட்டன. மீன் தலைக் கறி மண் நிறத்துக்கு இறங்கியது. தட்டை நீட்டிக்கொண்டு நின்ற ஒரு வாடிக்கையாளர், "பாய், இது நேத்து வச்சதா?" என்று கேட்டே விட்டார். "இன்னிக்கு வச்சதுங்க! சத்தியமா இன்னிக்கு!" என்று சுப்ஹான் பதறினார்.

ஷைமா அதையெல்லாம் கேட்கவில்லை. மழை வெளிச்சம் வாசல் வழியாக நேராக வந்து அச்சின் மேல் விழுந்தது. கரை வெள்ளையாகிவிட்டது. மருதாணி இப்போது அடர்ந்த பழுப்புச் சிவப்பு. சாம்பல் திரையிலும் அதே பழுப்புச் சிவப்பு. கறுப்பிலோ நஜ்வாவின் கைகள் மிளகாய்த் தூளில் முக்கி எடுத்த மாதிரி எரிந்தன. சாய்ந்து பார்த்தாள், குனிந்து பார்த்தாள். சாம்பல் திரையில் நிறம் மாறவே இல்லை. சந்தோஷத்தில் ரூபேந்திரனின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு, பிறகு வெட்கப்பட்டு விட்டாள். "அண்ணே, இதான்ணே!"

விளக்கு மறுபடி எரிந்தது. கறிகளுக்கு உயிர் வந்தது. சுப்ஹானுக்குத்தான் வரவில்லை. அழகான பெட்டி கைக்கு எட்டியும், மகள் அழுக்குப் பெட்டியைக் காட்டினால் எந்தத் தகப்பனுக்கு மனசு வரும்? நாலு பேர் பார்க்கிற இடத்தில் அவளுக்கு நல்லதாகத் தரவேண்டும் என்றுதான் அவர் ஆசை.

"நாலு பேருகிட்ட காட்ட முடியுமா இத? வேற படம் போடு, பாப்போம்" என்றார்.

பதற்றத்தில் ஷைமாவின் விரல் அடுத்த படத்தைத் தட்டியது. இரண்டு திரையிலும் வந்து நின்றது சுப்ஹான்தான். நஜ்வாவின் கல்யாணப் பந்தியில், நாலு பேர் சேர்ந்து சாப்பிடும் பெரிய சஹன் தட்டைத் தூக்கிக்கொண்டு விருந்தாளிகளுக்கு நடுவே நடக்கிறார். அவருக்கே தெரியாமல் எடுத்த படம். கறுப்பு லேப்டாப்பில் ரோஜா நிறக் கன்னத்தோடு மாப்பிள்ளை மாதிரி இருந்தார். சாம்பலில் வியர்வை, கண்ணுக்கடியில் கருவளையம், பாதி நரைத்த தாடி.

"நான் இவ்ளோ கறுப்பா?" என்று மெதுவாகக் கேட்டார் சுப்ஹான்.

போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தாள் ஷைமா. அய்யாவுகூட முகத்தைத் திருப்பி வெளியே மழையைப் பார்த்தார்.

கல்லாவிலிருந்து காதர் பீவி இறங்கி வந்தாள். முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு இரண்டு திரையையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு சாம்பல் லேப்டாப்பின் மேல் கை வைத்தாள்.

"இதுல இருக்கறதுதான் என் புருஷன். அதுல இருக்கறவரு யாருன்னு எனக்குத் தெரியல. வீட்டுக்குள்ள விட மாட்டேன்."

கடையே சிரித்தது. சுப்ஹானுக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் கண் படத்தை விட்டு அகலவில்லை. குனிந்து, மகள் எடுத்த தன் முகத்தைக் கிட்டத்தில் பார்த்தார். தாடையைத் தடவிக்கொண்டார்.

"தம்பி, இதையே வச்சிட்டுப் போங்க" என்றார் ரூபேந்திரனிடம். பிறகு ஷைமாவைப் பார்த்தார். "டீச்சருக்கு இந்தப் படத்தையும் குடுப்பியா?"

"குடுக்கவா அத்தா?"

"குடு. வெள்ளையாக்கிறாத. ஒண்ணும் தொடாத."

"தொட மாட்டேன் அத்தா" என்றாள் ஷைமா. படங்களைத் தொட்டுத் திருத்துவதற்கென்றே கம்ப்யூட்டர் கேட்டுக் காத்திருந்தவள், முதல் படத்தில் கையே வைப்பதில்லை என்று வாக்குக் கொடுத்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.