கேள்வி கேட்காத அம்மா

எனக்கு வேலை போய்ப் பதினோரு நாள் ஆகியிருந்தது. அம்மாவுக்குத் தெரியாது. பெங்களூரு கம்பெனி ஒரு மாதம் வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொல்லியிருக்கிறது என்று புளுகிவிட்டு ராயபுரம் வந்திருந்தேன். தினமும் காலை ஒன்பது மணிக்கு, பள்ளிக்கூடத்தில் கொடுத்த பழைய இலவச லேப்டாப்பைத் திறந்துவைத்து, ஹெட்போனை மாட்டிக்கொண்டு, யாருமில்லாத மீட்டிங்கில் "யெஸ், யெஸ்" என்பேன். அம்மா மிக்ஸி போட மாட்டாள். தெருப் பிள்ளைகளை விரட்டுவாள். "மீட்டிங் நடந்துகினு கீது, அந்தாண்ட போய் ஆடுங்கடா!" எங்கள் வீட்டில் முதன்முதலாக டிகிரி வாங்கியவள் நான். அவள் விரட்டும் ஒவ்வொரு முறையும் நான் இன்னும் சத்தமாக "யெஸ்" என்பேன்.

அந்த ஞாயிறு சாயங்காலம் மாதா கோயில் ஹாலில் 'வாசல் வரைக்கும் கடல்' படம் போட்டார்கள். போன வருஷம் எங்கள் தெருவில் எடுத்தது. அதனால் தெருவுக்கே இலவசம். அப்பா, அம்மா, நான், பக்கத்து வீட்டு கஸ்பார் மாமா எல்லாரும் ஒரே வரிசையில் உட்கார்ந்தோம்.

கதாநாயகன் பெர்லினில் வேலையை விட்டுவிட்டு ராயபுரம் திரும்புகிறான். பெட்டி கிடையாது. கையில் ஒரு கண்ணாடித் தொட்டி, அதற்குள் ஒரு தங்கமீன்.

"இத எப்டி கஸ்டம்ஸ்ல வுட்டான்?" என்றார் ஹார்பரில் கிரேன் ஓட்டும் அப்பா.

"காசிமேட்டுக்கே மீனு இட்டாந்துகீறான் பாரு நைனா" என்றார் கஸ்பார் மாமா. ஹாலே சிரித்தது.

அவன் கண்டெய்னர் லாரிகள் நிற்கும் ரோட்டில் நடந்துபோய், ஒரு டிரைவரிடம் "நீ யாருக்காகக் காத்திருக்கிறாய்?" என்று கேட்கிறான். டிரைவர் அழுகிறார். மூன்று மணி நேரம் டிராபிக்கில் நின்றவர் நிஜத்தில் என்ன பதில் சொல்லியிருப்பார் என்பதை இங்கே எழுத முடியாது. வீட்டில் அவன் அம்மா ஒரு வார்த்தை கேட்காமல் தலையைத் தடவி நண்டுக் குழம்பு ஊற்றுகிறாள். பிறகு இருவரும் மீனோடு மொட்டைமாடியில் நின்று ஏழு நிமிடம் கடலைப் பார்க்கிறார்கள்.

அம்மா என் பக்கம் சாய்ந்தாள். "எத்தினி நாள் லீவுன்னுகூட கேக்கல. இன்னா பொம்பள இவ?"

"படத்துல கேக்க மாட்டாங்கம்மா" என்றேன்.

"நான் உன்னாண்ட கேட்டேன்ல?"

கேட்டிருந்தாள். நாலு தடவை.

படம் முடிந்ததும் இயக்குநர் கீர்த்தி மேடையேறி, மனசில் பட்டதைப் பேசச் சொன்னார். யாரும் எழவில்லை. "நம்ம ஜானட்டு படிச்ச பொண்ணு, அது பேசும்" என்று கஸ்பார் மாமா மைக்கை என் கையில் திணித்துவிட்டார். நல்லாயிருந்தது சார் என்று சொல்லி உட்கார்ந்திருக்கலாம்.

"சார், இவன் தானா வேலைய விட்டவன். அவனுக்கு மொட்டைமாடி கெடைக்கும். கம்பெனி தொரத்துனா கக்கூஸ்தான் சார், அங்கதான் தண்ணியத் தொறந்துவிட்டு அழ முடியும்."

சிரித்தார்கள். எனக்குச் சூடேறிவிட்டது.

"இந்தத் தெருவுக்கு ஒருத்தர் திரும்பி வந்தா, எப்போ கெளம்புறன்னு பால் வாங்குற எடத்துலயே கேப்பாங்க. அம்மா நாலு தடவ கேப்பாங்க. பொய் சொல்லணும் சார். ஒம்போது மணியானா காதுல ஹெட்போன மாட்டிக்கிட்டு, எதிர்ல ஆளே இல்லாம தலையாட்டணும். பதினோரு நாளா..."

ஸ்பீக்கரில் என் குரலே எனக்குக் கேட்டது. அங்கேயே நிறுத்தினேன்.

"அழகு!" என்றார் கீர்த்தி. "இத அடுத்த படத்துல வெச்சுக்கலாமா?" ஹால் கைதட்டியது. அப்பா தட்டவில்லை. அம்மா முன்வரிசை நாற்காலியின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து முந்தானையை இடுப்பில் செருகினாள்.

"மைக்க குட்த்துட்டு வா. வூட்ல பேசிக்கலாம்."

தெருவில் அவள் எனக்கு நாலடி முன்னால் நடந்தாள். கஸ்பார் மாமா வீட்டைத் தாண்டியதும் திரும்பாமலே கேட்டாள்:

"எத்தினி பேர தொரத்துனானுங்கோ?"

"நாப்பது பேரும்மா."

"நீ மட்டும் இல்லியே?"

"இல்ல."

அவள் நடையின் வேகம் குறையவில்லை. பின்னால் அப்பாவின் செருப்புச் சத்தம் வந்துகொண்டிருந்தது.