ஓடு பிரித்த தெரு

சுதந்திரம் வந்து நாலைந்து வருஷம் ஆகியிருந்த சமயம். தங்கவயலில் வாழ்க்கைப்பட்ட மகள் மேரிராணியின் பிரசவத்துக்குப் போயிருந்த ஜெபசீலி, பேத்திக்குத் தலை நின்றதும் ஊர் திரும்பினாள். ஓசூரில் கெலமங்கலம் பஸ் ஏறி, ஊரைத் தாண்டியதும் வரும் புதுத்தெருவில் இறங்க வேண்டும் என்றாள். கண்டக்டர் அவள் முகத்தை ஒரு தரம் பார்த்தார். "அங்கியா எறங்குறீங்க?" என்றார். ஆமாம் என்றதும் சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு நகர்ந்துவிட்டார்.

தெரு முனையிலேயே நின்றுவிட்டாள். சமைக்கிற நேரம், ஒரு வீட்டிலும் அடுப்புப் புகை இல்லை. எந்த வீட்டின் மேலும் ஓடு இல்லை. மொட்டைக் கைமரங்கள் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன. ஓடுகளை இறக்கி அந்தந்த வாசலில் அடுக்கியிருந்தார்கள்.

அவள் வீட்டுக்கும் அதே கதி. கதவு திறந்து கிடந்தது. கட்டில் மேல் நேராக வெயில் விழுந்தது. தரை முழுக்கச் சுண்ணாம்புத் தூள். கொள்ளையா, கலவரமா, ஒன்றும் விளங்கவில்லை. பக்கத்து வீட்டைப் பார்த்து, "வெங்கடம்மா" என்று கூப்பிட்டாள். புருஷன் ராயப்பன் பகலெல்லாம் பண்ணை வேலைக்குப் போய்விடுவார் என்று அவளிடம்தான் சாவியைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். பதில் இல்லை.

சாலையோடு மாடு ஓட்டிப்போன கரியப்பன் தூரத்திலிருந்தே கையை ஆட்டினார். "உள்ள நிக்காதீங்கம்மா. பிளேக்கு வந்துடுச்சு."

எலிகள் செத்து விழுந்ததையும், வெயில் படட்டும் என்று சுகாதார ஆட்கள் கூரைகளைப் பிரித்ததையும், ஜனங்கள் மாந்தோப்பில் கொட்டாய் போட்டுக் கிடப்பதையும் அங்கிருந்தபடியே சொன்னார். புருஷனைப் பற்றிக் கேட்கவே ஜெபசீலி பயந்தாள். கரியப்பனே புரிந்துகொண்டு, ராயப்பன் நன்றாக இருக்கிறார் என்றார்.

தோப்பில் ராயப்பனைக் கண்டதும் ஏன் ஒரு வார்த்தை சொல்லியனுப்பவில்லை என்று சண்டைக்குப் போனாள். சொன்னால் பச்சைக் குழந்தையை விட்டுவிட்டு ஓடிவந்திருப்பாய் என்றார் அவர். அவள் கண் கொட்டாய்களை ஒவ்வொன்றாகத் தேடியது.

"வெங்கடம்மா எங்கீங்க?"

ராயப்பன் தலையைக் குனிந்துகொண்டார்.

"மொத எலி நம்ம வீட்லதான் உழுந்துச்சு, சீலி. நான் பண்ணைக்கு மாடு பாக்கப் போயிட்டேன். கூட்ட வந்தவ, வாலப் புடிச்சுத் தூக்கி வெளிய போட்டுட்டு, வீட்டயும் கூட்டி வுட்டுட்டுப் போயிருக்கா. அப்புறம் காய்ச்சல். அக்குள்ல நெறி கட்டிச்சு. போயிட்டா."

ஜெபசீலிக்கு அழுகை வரவில்லை. கிளம்புகிற அன்று வெங்கடம்மாளிடம் தான் சொன்னது மட்டும் காதில் கேட்டது: ரெண்டு நாளைக்கு ஒரு தரம் கூட்டி வுடு, தூசு அடைஞ்சுடும்.

வெங்கடம்மாளின் புருஷன் முனிராஜ் கடைசிக் கொட்டாயில் தனியாக இருந்தார். யாரும் அந்தப் பக்கம் போவதில்லை. ராயப்பன் தடுத்தும் அவள் போய் நின்றாள்.

"அண்ணா, நான்தான் கூட்டச் சொல்லி..."

"நீ சொல்லலன்னாலும் கூட்டியிருப்பாம்மா. அவ கைக்குச் சும்மா இருக்கத் தெரியாது." பிறகு அவரே கேட்டார்: "உம் மவளுக்கு என்ன புள்ள?"

"பொண்ணுண்ணா."

"பொண்ணுதான்னு அவ அப்பவே சொன்னா."

அப்போதுதான் ஜெபசீலிக்கு அழுகை வந்தது. தோப்பே திரும்பிப் பார்க்கும்படி அழுதாள். தோப்பில் இருந்தவரைக்கும் முனிராஜுக்கும் சேர்த்தே களி கிண்டினாள். கிட்டப் போகாதே என்றவர்கள் கண்ணெதிரிலேயே கொண்டுபோய்க் கொடுத்தாள்.

மழைக்கு முன்னால் ஜனங்கள் தெருவுக்குத் திரும்பினார்கள். முனிராஜ் வரவில்லை, அஞ்செட்டியில் இருந்த தம்பியிடம் போய்விட்டார். பக்கத்து வீட்டுக்கு வேறு குடும்பம் குடிவந்தது. நல்ல மனுஷர்கள்தான். ஆனாலும் அந்தப் பெண்ணோடு சுவருக்கு இந்தப் பக்கம் நின்று நாலு வார்த்தை பேச ஜெபசீலிக்கு வெகுகாலம் ஆயிற்று.