பக்கவாட்டு வெளிச்சம்

மதியம் மூன்று பத்துக்குப் பட்டறை மானேஜர் நான்காவது முறையாகக் கூப்பிட்டார்.

"மாஸ்டர், உங்க போட்டோ ஒண்ணுதான் பாக்கி. அஞ்சு மணிக்குப் பலகை பிரிண்டுக்குப் போகுது. ஸ்டூடியோல எடுத்த மாதிரி இருக்கணும். நம்ம பெயின்டர் பாத்ரூம்ல நின்னு எடுத்து அனுப்புறாரு, பின்னாடி வாளி தெரியுது."

"எனக்கு இன்னிக்கு லீவு."

"அதான் சொல்றேன், வீட்லயே எடுங்க."

மாஸ்டர் ஒரு டிங்கர். மோதி நசுங்கிய கார்களின் தகட்டைத் தட்டி நிமிர்த்துவது வேலை. முப்பத்தொரு வருடம். பட்டறையின் புதுக் கிளைக்கு இனி அவர்தான் பொறுப்பு. வாசல் பலகையில் அவர் முகம் வரப்போகிறது.

மனைவி மருந்துக் கடை வேலையில் இருந்தாள். ஏழு மணிக்குத்தான் வருவாள்.

வீட்டில் கறையில்லாத வெள்ளைச் சுவர் மகளின் அறையில் மட்டும் இருந்தது. கட்டிலை நகர்த்தி நாற்காலி போட்டார். ஜன்னலைச் சாத்தினார். மேஜை விளக்கை முகத்துக்குப் பக்கவாட்டில், தாழ்வாக வைத்தார். பட்டறையில் விளக்கை அப்படித்தான் பிடிப்பார். நேரே பிடித்தால் எல்லாத் தகடும் புதுத் தகடுதான். பக்கத்திலிருந்து அடித்தால் கடுகளவு பள்ளமும் நிழல் காட்டும். வேலை தெரிந்தவன் பிடிக்கிற வெளிச்சம்.

போனைப் புத்தகங்களில் சாய்த்து, பத்து நொடி டைமர் வைத்து, ஓடி வந்து உட்கார்ந்தார்.

படத்தில் ஒரு கிழவன் இருந்தான். நெற்றி முழுக்க வரி. கன்னத்தில் குழி. மூக்கின் நிழல் வாயைத் தாண்டியது. பதினான்கு முறை எடுத்தார். கிழவன் எழுந்து போகவில்லை.

மகளுக்கு இதுதான் தொழில். வேறு ஊரில், செருப்பு, கைப்பை, கடிகாரம் என்று விளம்பரப் படங்கள் எடுக்கிறாள். "படம் பிடிக்கிறதெல்லாம் ஒரு வேலையா?" என்று அவர் கேட்ட வாரம்தான் கிளம்பிப் போனாள். இரண்டு வருடம் ஆகிறது. தினமும் அம்மாவிடம் பேசுவாள். அவர் டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு, டிவி பார்ப்பதுபோல் உட்கார்ந்திருப்பார்.

"அப்பா எப்படி இருக்கார்னு கேக்குறா," என்பாள் மனைவி.

"இருக்கேன்னு சொல்லு."

இப்போது மகளுக்கு ஏதோ எழுதினார். அழித்தார். படத்தை மட்டும் அனுப்பினார்.

ஒரு நிமிடத்தில் போன் அடித்தது.

"அப்பா! என்னாச்சு? யாராவது அடிச்சிட்டாங்களா?"

"பட்டறைப் பலகைக்குப் போட்டோ வேணுமாம். அஞ்சு மணிக்குள்ள."

"லைட்டை எங்க வச்சிருக்கீங்க?"

"பக்கத்துல. கொஞ்சம் கீழ."

சிரித்தாள். "முகத்துல நசுங்கல் தேடுறீங்களாப்பா? தேடினா கிடைக்கத்தான் செய்யும்."

அவருக்கும் சிரிப்பு வந்தது.

"ஸ்பீக்கர்ல போடுங்க. வைக்காதீங்க. லைட்டை அணைங்க. ஜன்னலைத் திறந்து அதைப் பார்த்து உட்காருங்க. மடியில ஒரு வெள்ளைத் துண்டு, வெளிச்சம் முகத்துல அடிக்கும். போன் கண்ணு உயரத்துல இருக்கணும். தாடையைக் கொஞ்சம் முன்னாடி நீட்டுங்க, ஆமை மாதிரி."

"ஆமையா?"

"நம்புங்கப்பா. பத்து வயசு குறையும்."

குறைந்தது. நம்பிக் காரை விட்டுவிட்டுப் போகலாம் என்கிற மாதிரி ஒரு ஆள் படத்தில் இருந்தார்.

"வந்துச்சா?"

மணி மூன்று ஐம்பது.

"கண்ணு மூடிருச்சு," என்றார்.

"அனுப்புங்க, பார்ப்போம்."

"அழிச்சிட்டேன். இன்னொண்ணு எடுக்கிறேன்."

அடுத்ததற்கு டைமர் முடிகிற நேரம் பார்த்துக் கண்ணை மூடினார். அனுப்பினார்.

"பரவால்ல, மறுபடி எடுங்க. அவசரப்படாதீங்க."

இடையிடையே அவள் பேசினாள். மாடியில் குடியிருக்கிறாள். பக்கத்து வீட்டுப் பூனை இவள் படுக்கையில்தான் தூங்குகிறது. ஒரு ஷூவைப் படம் எடுக்க அரை நாள் போகிறது.

"லேஸ் நேரா நிக்கவே நிக்காதுப்பா."

"உள்ள மெல்லிசா கம்பியைச் சொருகு. சொன்னபடி கேக்கும்."

"அதைத்தான் பண்றோம்! உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தெரியும்," என்றார். மறுபடி கண்ணை மூடினார்.

மானேஜரின் அழைப்பு குறுக்கே வந்தது. துண்டித்தார். இன்னொரு முறை வந்தது. துண்டித்தார்.

ஏழாவது படத்துக்குப் பிறகு அவள் 'மறுபடி எடுங்க' என்று சொல்லவில்லை.

"என்னம்மா?"

"டைமர் கடைசியில வேகமா டிக் டிக்னு அடிக்குமில்ல, இங்க கேக்குதுப்பா. ஏழு தடவையும் கரெக்டா அப்பதான் கண்ணு மூடுதா?"

தெருவில் ஒரு வண்டி போயிற்று. அவர் மடியிலிருந்த துண்டை மடித்தார். பிறகு, அழித்துவிட்டதாகச் சொன்ன அந்த முதல் படத்தை அனுப்பினார்.

"இது எப்ப எடுத்தது?"

"அப்பவே."

அவள் பக்கம் யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். வந்துட்டேன் என்றாள். போகவில்லை.

"நல்லா இருக்கீங்கப்பா. இதையே அனுப்பிருங்க. நாலே முக்கால் ஆச்சு."

"சரி."

"அப்ப வச்சிரட்டுமா?"

அவர் போனைக் கையில் எடுத்து, ஸ்பீக்கரை அணைத்து, காதில் வைத்துக்கொண்டார்.

"ஒரு ரெண்டு நாள் லீவு கிடைக்குமாம்மா உனக்கு?"